பிஎச்.டி. சேரும் முன் வேலையை யோசியுங்கள்

மைசூரு செலுவாம்பா மாளிகையில் 1950 முதல் இயங்கிவருகிறது மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆய்வு நிறுவனம். சி.எஃப்.டி.ஆர்.ஐ. என்றால் ஊரில் யாரும் வழி சொல்வார்கள். எருமைப் பாலில் குழந்தை உணவு தயாரிக்கும் முறையைக் கண்டறிந்து தந்த இடம். இங்கே உணவுத் தொழில்நுட்பத்தில் எம்.எஸ்சி.யும் படிக்கலாம், பிஎச்.டி.யும் செய்யலாம். எதோடு நிறுத்துவது என்பதுதான் மாணவர்களைக் குடையும் கேள்வி.

உணவுத் தொழிற்சாலையில் தரக் கட்டுப்பாட்டுக்கு எம்.எஸ்சி. போதும். இதே நிறுவனத்தில் விஞ்ஞானியாக வேண்டும் என்றால், அடிப்படை அறிவியல் துறைகளில் பொதுவாக முனைவர் பட்டம் கேட்பார்கள். கல்லூரி ஆசிரியர் வேலைக்குக் கணக்கு வேறு. 2023 ஜூலை 1 முதல் உதவிப் பேராசிரியருக்கு நெட், செட், ஸ்லெட் ஆகிய தகுதித் தேர்வுகளில் ஒன்றில் தேர்ச்சியே குறைந்தபட்சத் தகுதி, பிஎச்.டி. கட்டாயமில்லை. ஆனால் இணைப் பேராசிரியர் பணிக்கு நேரடியாக விண்ணப்பிக்க அது வேண்டும்.

பணத்தையும் கூச்சமில்லாமல் கணக்குப் போட வேண்டும். 2023 ஜனவரி முதல் ஜே.ஆர்.எஃப். எனும் இளநிலை ஆய்வாளர் உதவித்தொகை மாதம் 37,000 ரூபாய். இரண்டு ஆண்டு கழித்து எஸ்.ஆர்.எஃப். எனும் முதுநிலைக்கு உயர்ந்தால் 42,000. ஐந்தாண்டுக்குக் கூட்டினால் வீட்டு வாடகைப்படி நீங்கலாக 24 லட்சம். பி.எஃப். கிடையாது. கூடப் படித்து வேலைக்குப் போனவரின் ஐந்தாண்டுச் சம்பளத்தைப் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். ஜே.ஆர்.எஃப். கிடைக்காமல், வேறு உதவித்தொகையும் இல்லாமல், வீட்டுக் காசில் ஆய்வு செய்யப் போகிறவர் இன்னும் ஒருமுறை யோசிப்பது நல்லது. காலக் கணக்கும் உண்டு: 2022-ஆம் ஆண்டு யு.ஜி.சி. விதிப்படி பிஎச்.டி.க்குக் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 6 ஆண்டு. மறுபதிவு செய்தால் மேலும் 2 ஆண்டு. இருபதுகளின் பெரும்பகுதி அதிலேயே போய்விடும்.

பெயருக்கு முன்னால் 'முனைவர்' வர வேண்டும் என்பதற்காக மட்டும் சேராதீர்கள். ஒரே கேள்வியோடு நாலைந்து வருடம் உட்கார முடியுமா என்று பாருங்கள். அதை அறிய வழி இருக்கிறது. 'சோத்கங்கா' இணையதளத்தில் இந்தியப் பல்கலைக்கழகங்களின் ஆய்வேடுகள் இலவசமாகக் கிடைக்கின்றன. உங்கள் துறையில் ஒன்றை எடுத்து, முன்னுரையோடு நிறுத்தாமல், அட்டவணைகளும் ஆய்வுமுறை அத்தியாயமும் உட்பட முழுக்கப் படியுங்கள். அந்த வேலை உங்களை இழுக்கிறதா, தூக்கம் வருகிறதா என்று அங்கேயே தெரிந்துவிடும்.

நீங்கள் நினைத்திருக்கும் கைடின் பெயரையும் அதே தளத்தில் தேடுங்கள். அவரிடம் எத்தனை பேர் முடித்திருக்கிறார்கள், எந்தத் தலைப்பில் என்பது தெரியும். விண்ணப்பத்தில் அவர் பெயரை எழுதும் முன், இப்போது அவரிடம் ஆய்வு செய்யும் இரண்டு பேரிடமாவது நேரில் பேசிவிடுங்கள்.