பனி ஒன்று, சொல் நான்கு

“அக்கா, இது பனியில்ல. பனின்னா வெடியக்காலத்துல வரப்புல நடந்தா கால் நனையும்ல, அது. இத அள்ளி உருட்டுறாங்களே!”

நான்காம் வகுப்புப் படிக்கும் பெண் இதைச் சொன்னபோது படத்தை நிறுத்திவிட்டேன். லேப்டாப் திரையில் ஒரு சிறுவன் வாசலில் கொட்டிக் கிடந்த வெள்ளையை உருட்டி மனிதப் பொம்மை செய்துகொண்டிருந்தான். படத்தின் பெயர் ‘தி ஸ்நோமேன்’. ரேமண்ட் பிரிக்ஸ் 1978இல் வெளியிட்ட, எழுத்தே இல்லாத படக்கதையை வைத்து எடுத்த 26 நிமிடப் படம். 1982 டிசம்பர் 26 அன்று பிரிட்டனின் சேனல் 4 தொலைக்காட்சியில் முதலில் வந்தது. கிறிஸ்துமஸ் வந்தால் அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு இந்தப் படமும் வந்துவிடும்.

அன்றைக்குப் படத்தை மேலே ஓட்டவில்லை. கரும்பலகையில் நான்கு சொல் எழுதினேன். காலையில் வரப்புப் புல்லில் நிற்கும் துளி, ‘டியூ’. மார்கழியில் எதிரே வரும் பஸ் தெரியாமல் மறைக்கிறதே, அது ‘ஃபாக்’. ஊட்டியில் உறைபனி என்று செய்தியில் காட்டுவார்களே, அது ‘ஃப்ராஸ்ட்’. வானத்திலிருந்து பஞ்சுபோல விழுந்து தரையில் குவிவது ‘ஸ்நோ’. தமிழில் எல்லாமே நமக்குப் பனிதான். அந்தப் பிள்ளை சொன்னது முழுக்கச் சரி. அவள் பார்த்த பனி வேறு, படத்தில் விழுந்த பனி வேறு.

பின் வரிசையில் இருந்த பையன் விடவில்லை. “அப்ப நெல்லுக்கு இங்கிலீசுல என்னக்கா?” சொன்னேன். “அரிசிக்கு?” சொன்னேன். “சோத்துக்கு?” அதற்கும் ‘ரைஸ்’தான் என்றதும் வகுப்பே திகைத்தது. வயலில் நிற்பதும் ரைஸ், மூட்டையில் இருப்பதும் ரைஸ், தட்டில் விழுவதும் ரைஸ். நெல்லைத் தனியாகச் சொல்ல ஆங்கிலம் மலாய் மொழியிலிருந்து ‘பேடி’ என்ற சொல்லை வாங்கிக்கொண்டது. அவர்கள் மண்ணில் விளையாத பயிருக்கு அவர்களிடம் ஏது சொல்? நம் மண்ணில் விழாத ‘ஸ்நோ’வுக்கு நம்மிடம் ஏது தனிச் சொல்? ஆங்கிலம் கற்பிக்க நான் எடுத்த வகுப்புகளில் அதுதான் மிக நல்ல வகுப்பு என்று இன்றும் நினைக்கிறேன்.

நான் ஒரத்தநாட்டுக்குத் தெற்கே ஒரு கிராமத்தில் இருக்கிறேன். கொரோனாவுக்குப் பிறகு, 2021 அக்டோபரில் தமிழக அரசு ‘இல்லம் தேடிக் கல்வி’ தொடங்கியபோது தன்னார்வலராகச் சேர்ந்தேன். மாலை 5 மணிக்கு வகுப்பு, 7 மணிக்குள் முடியும். எங்கள் வீட்டுத் திண்ணைதான் மையம். பிறகு அந்த மையம் முடிந்தாலும் பிள்ளைகள் வருவது நிற்கவில்லை, நானும் நிறுத்தவில்லை. பிளஸ் டூவில் அரசு கொடுத்த லேப்டாப்புக்கு பேட்டரி மாற்றி வைத்திருக்கிறேன். அதைச் சுற்றிப் பதினேழு பிள்ளைகள் நெருக்கி உட்கார்வார்கள்.

முதலில் நான் செய்தது தப்பு. இங்கிலீஷ் காதில் விழுந்தால் போதும் என்று, ஆட்கள் படபடவென்று பேசும் கார்ட்டூன்களைப் போட்டேன். பிள்ளைகள் சிரித்தார்கள், கைதட்டினார்கள். படம் முடிந்து கேட்டால் ஒரு வாக்கியம் வராது. பாட்டுக்குத் தாவினேன். மழையைப் போய்விட்டு இன்னொரு நாள் வா என்று விரட்டும் அந்தப் பாட்டை எல்லாரும் ராகத்தோடு பாடினார்கள். கேட்டுக்கொண்டிருந்த அப்பாயி ஒருத்தர் திண்ணை ஓரமாக வந்து நின்றார். “ஏம்மா, ஆத்துல தண்ணி எப்ப வரும்னு காஞ்சு கெடக்குறோம். புள்ளைங்கள விட்டு மழையப் போவச் சொல்றியே?” எனக்கு முகம் சுருங்கிவிட்டது. வெயிலுக்கு ஏங்கும் ஊரில் பிறந்த பாட்டு அது. அந்த ஊரைப் பற்றி ஒன்றுமே சொல்லாமல் பாட்டை மட்டும் நான் எடுத்து வந்திருந்தேன்.

அதன் பிறகுதான் பேச்சு இல்லாத படங்களுக்கு வந்தேன். ‘ஸ்நோமேன்’ படத்தில் பையன் பறக்கும்போது ஒரு பாட்டு வரும், மற்றபடி எல்லாம் இசையும் அசைவும்தான். ‘ஷான் தி ஷீப்’ என்ற ஆட்டுக் கதைத் தொடரும் அப்படித்தான். பிரிஸ்டல் நகரத்தின் ஆர்ட்மன் நிறுவனம் களிமண் பொம்மைபோலச் செய்து எடுப்பது, 2007இலிருந்து வருகிறது. ஆடு, நாய், பண்ணைக்காரர் யாருமே ஒரு சொல் பேசுவதில்லை. இங்கிலீஷே இல்லாத படத்தில் எப்படி இங்கிலீஷ் வரும் என்று கேட்கிறார்கள். பேச வேண்டியது பிள்ளை என்பதால்தான் வரும். படம் பேசிவிட்டால் பிள்ளை வாயை மூடிக்கொள்ளும்.

நான் செய்வது இவ்வளவுதான். ஒரு நாளைக்கு மூன்று, நான்கு நிமிடத் துண்டு. அதற்கு ஆறு, ஏழு சொல், அதற்கு மேல் இல்லை. முக்கியமான இடத்தில் நிறுத்தி, அடுத்து என்ன நடக்கும் என்று கேட்பேன். தமிழில் சொன்னாலும் சரி. சொன்னதை வைத்து ஆங்கில வாக்கியத்தைச் சேர்ந்து கட்டுவோம். மறுநாள் படத்தைச் சத்தமில்லாமல் ஓட்டி, பிள்ளைகள் தங்கள் குரலில் பேச வேண்டும். ஆடு பேச ஒருவர், நாய் பேச ஒருவர். வகுப்பில் வாயே திறக்காத ஒரு பையன் நாய்க்காகப் பேச வந்து நின்றான். “ஸ்டாப்! கோ ஹோம்!” அவன் பேசிய முதல் ஆங்கிலம் அது.

இது நான் கண்டுபிடித்த வழியல்ல. ஆங்கிலம் கற்பிக்கும் சோதனைகளை நம் மண் பலமுறை பார்த்திருக்கிறது. 1785 வாக்கிலேயே தஞ்சை, இராமநாதபுரம், சிவகங்கை ஆகிய ஊர்களில் ஆங்கிலப் பள்ளிகள் தோன்றின. முன்னின்றவர்கள் தஞ்சை ரெசிடென்ட் ஜான் சல்லிவனும் பாதிரியார் சுவார்ட்ஸும். சுவார்ட்ஸ் ஆங்கிலேயர் அல்ல, ஜெர்மானியர். தாய்மொழியாக இல்லாத ஆங்கிலத்தை, தமிழைக் கற்றுக்கொண்ட ஒருவர் இங்கே பரப்பினார் என்பதை, ‘எங்களுக்கெல்லாம் எங்கே வரப்போகிறது’ என்று சொல்லும் பெற்றோரிடம் நான் தவறாமல் சொல்வேன். அவர் வளர்த்த பிள்ளைதான் தஞ்சை மன்னர் சரபோஜி. அந்த மன்னர் கட்டிய முத்தாம்பாள் சத்திரம் எங்கள் ஒரத்தநாட்டில்தான் இருக்கிறது. வழிப்போக்கர்களுக்குச் சோறு போட்ட அந்தச் சத்திரத்தோடு பள்ளிக்கூடமும் நடந்தது.

சுதந்திரத்துக்குப் பிறகு, 1959இல், சென்னை மாநிலத்தின் 27,000 ஆரம்பப் பள்ளி ஆசிரியர்களுக்கு ஆங்கிலம் கற்பிக்கும் முறையில் மறுபயிற்சி தரும் பெரிய முயற்சி தொடங்கியது. பயிற்சி பெற்றவர் அடுத்தவருக்குப் பயிற்சி தர வேண்டும் என்பதால் அதற்கு ‘மெட்ராஸ் ஸ்நோபால்’ என்று பெயர் விழுந்தது. உருட்ட உருட்டப் பெருகும் பனிப்பந்து. அந்தப் பயிற்சியில் வந்தது, மாதிரி வாக்கியங்களைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பழக்கும் முறை. அறுபதுகளில் படித்த பெரியவர்கள் இன்றும் புத்தகத்தைக் காட்டி ‘திஸ் இஸ் எ புக்’ என்று பிழையில்லாமல் சொல்வார்கள். அடுத்த வாக்கியத்துக்குத் தயங்குவார்கள்.

அந்தத் தயக்கத்தைத்தான் ஆங்கிலம் கற்பித்தல் வல்லுநர் என்.எஸ். பிரபு கையில் எடுத்தார். 1979 முதல் 1984 வரை பெங்களூரிலும் சென்னையிலும் சாதாரணப் பள்ளிகளில் அவர் குழு செய்து பார்த்ததை உலகமே ‘பெங்களூர் புராஜெக்ட்’ என்று படிக்கிறது. இலக்கணப் பாடத்தை முன்னால் வைக்காமல் ஒரு வேலையைக் கொடுப்பார்கள். ரயில் அட்டவணையைப் பார்த்து எந்த வண்டியைப் பிடிக்கலாம் என்று சொல்ல வேண்டும், வரைபடத்தைப் பார்த்து வழி சொல்ல வேண்டும். மனம் வேலையில் இருக்கும்போது மொழி கூடவே வந்து ஒட்டிக்கொள்ளும் என்பது அவர் கண்டது. எங்கள் ஊருக்கு ரயில் இல்லை. ஆகவே நான் தஞ்சாவூர், பட்டுக்கோட்டை பஸ் நேரங்களை எழுதிப் போடுகிறேன். 2022இலிருந்து அரசுப் பள்ளிகளில் 6 முதல் 9 வகுப்புப் பிள்ளைகளுக்குச் சிறார் படங்கள் திரையிடுகிறார்கள். மனதார வரவேற்கிறேன். படம் முடிந்ததும் பெல் அடித்து அனுப்பிவிடாமல், பார்த்ததைப் பேசவிட்டால் அதன் பலன் முழுதாகக் கிடைக்கும்.

மறுபடி ஸ்நோமேனுக்கு வருகிறேன். பொம்மை உயிர்பெற்றுப் பையனைத் தூக்கிக்கொண்டு பறக்கும். கீழே ஒரு கடற்கரை நகரம், நடுவில் குமிழ் குமிழாகக் கோபுரங்கள் கொண்ட ஒரு மாளிகை. “தாஜ்மகால்!” என்று பதினேழு பேரும் கத்தினார்கள். அது பிரைட்டன் நகரத்து ராயல் பெவிலியன். பின்னாளில் நான்காம் ஜார்ஜ் மன்னரான இளவரசருக்காக ஜான் நாஷ் என்ற கட்டடக் கலைஞர் 1815இல் அதை இந்திய பாணியில் மாற்றிக் கட்டத் தொடங்கினார். முதல் உலகப் போரில் அடிபட்ட இந்தியச் சிப்பாய்களுக்கு 1914 இறுதியிலிருந்து அதே மாளிகை மருத்துவமனையாக இருந்தது.

அந்த வாரம் பிள்ளைகளை மனோராவுக்குக் கூட்டிப் போனேன். பட்டுக்கோட்டை தாண்டி, சேதுபாவாசத்திரம் பக்கம், கடலைப் பார்த்து நிற்கும் எட்டு அடுக்கு அறுகோணக் கோபுரம். நெப்போலியனை ஆங்கிலேயர் வீழ்த்தியதன் நினைவாக 1814-15இல் சரபோஜி கட்டியது. மினார் என்ற சொல்தான் ஊர் வாயில் மனோரா ஆகிவிட்டது. இங்கிலாந்து இளவரசர் இந்தியக் குவிமாடம் வேண்டும் என்று வேலையைத் தொடங்கிய அதே காலத்தில், தஞ்சை மன்னர் இங்கிலாந்தின் வெற்றிக்குக் கோபுரம் எழுப்பிக்கொண்டிருந்தார். ஒருவர் நம் நாட்டை ஆண்டவர்களின் பக்கம், இன்னொருவர் ஆட்சியை அவர்களிடம் இழந்தவர். இந்தக் கதையின் கசப்பையும் பிள்ளைகளிடம் மறைக்கவில்லை. கோபுரத்தடியில் உட்கார்ந்து ஆளுக்கு மூன்று வாக்கியம் சொன்னார்கள். யார் கட்டியது, எப்போது, ஏன். ‘ஹூ, வென், ஒய்’ என்ற கேள்விச் சொற்கள் அங்கேதான் அவர்களுக்குப் படிந்தன. லண்டனின் பிக் பென் என்பது மணிக்கூண்டுக் கோபுரத்தின் பெயரல்ல, உள்ளே தொங்கும் மணியின் பெயர் என்பதையும், கோபுரத்துக்கு 2012இல் எலிசபெத் கோபுரம் என்று பெயர் வைத்ததையும் பிறகு படித்தோம். ஆனால் தொட்டுப் பார்த்த மனோராவைப் பற்றித்தான் நிறையப் பேசினார்கள்.

ஆங்கிலேயரின் பண்டிகைகளும் இப்படியே. தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனுக்கு முதல் நாள் பிரிட்டனில் ‘பான்கேக் டே’. நோன்புக்கு முன் வீட்டிலிருக்கும் முட்டை, பால், வெண்ணெயைத் தீர்க்க வந்த வழக்கம். ஓல்னி என்ற ஊரில் பெண்கள் கையில் வாணலியோடு, பான்கேக்கைத் தூக்கிப்போட்டுப் பிடித்தபடி ஓடுவார்கள். 1445இலிருந்து நடப்பதாக அந்த ஊரார் சொல்கிறார்கள். அந்த ஓட்டப்பந்தயப் படத்தைப் பார்த்த சின்னவன் ஒருவன், “தோசையத் தூக்கிட்டு ஏன் ஓடுறாங்க?” என்றான். மறுநாள் திண்ணையில் ஸ்டவ் வைத்தேன். மழைக்காகச் சண்டை பிடித்த அதே அப்பாயிதான் தோசை ஊற்றினார். பிள்ளைகள் சுற்றி நின்று, “போர், ஸ்ப்ரெட், வெயிட், டர்ன்” என்று ஒவ்வொன்றாகச் சொன்னார்கள். நாலாவது தோசைக்கு அப்பாயியே “வெயிட்டு, வெயிட்டு” என்றார். அன்று கற்ற வினைச்சொல் ஒன்றைக்கூட யாரும் மறக்கவில்லை. மே தினத்தில் அங்கே கம்பத்தைச் சுற்றி நாடாவைப் பின்னி ஆடுவதைக் காட்டியபோது, பின்னல் கோலாட்டம் பார்த்திருந்த பெண்கள் ‘ஓவர், அண்டர்’ என்பதைத் தாமாகவே கேட்டு வாங்கிக்கொண்டார்கள்.

எங்கள் வழியாக ஓடும் கல்லணைக் கால்வாய் 1934இல் மேட்டூர்த் திட்டத்தோடு வந்தது. நாங்கள் புது ஆறு என்போம். ஆங்கிலத்தில் அது ‘கிராண்ட் அனிகட் கெனால்’. அந்த அனிகட் நம் அணைக்கட்டுதான். கட்டுமரம் ‘கேட்டமரான்’ ஆனது, சுருட்டு ‘செரூட்’ ஆனது, காசு ‘கேஷ்’ என்ற நாணயப் பெயரானது. ஆங்கில அகராதியில் தன் தாத்தா பேசிய சொல் இருப்பதைக் கண்ட பிள்ளை அந்த மொழியைப் பார்த்து மிரள்வதில்லை. பிரிட்டிஷ் ஊர்களையும் பண்டிகைகளையும் நான் காட்டுவது பிள்ளைகள் அதைப் பார்த்து ஏங்குவதற்காக அல்ல. ‘எங்க ஊர்ல இது இப்படி’ என்று சொல்ல ஆசை வரும்போதுதான் பிறமொழி வாயில் வருகிறது.

வகுப்புக்குப் பிள்ளையை விட வரும் அம்மாக்கள் பலர், “எனக்கு இங்கிலீசு தெரியாதேம்மா, வீட்ல யாரு சொல்லிக் குடுக்கிறது?” என்று கேட்டுவிட்டுத் தலைகுனிந்து போகிறார்கள். அவர்களிடம் சொல்வதையே உங்களிடமும் சொல்கிறேன். பேச்சில்லாத ஒரு சின்னப் படத்தைப் போடுங்கள். போனைப் பிள்ளை கையில் கொடுத்துவிட்டு எழுந்து போகாமல் பக்கத்தில் பத்து நிமிடம் உட்காருங்கள். முடிந்ததும், “என்ன நடந்துச்சு, சொல்லு” என்று தமிழிலேயே கேளுங்கள். பிள்ளை முழுக் கதையையும் சொல்லி முடிக்கும்வரை எழுந்திருக்காதீர்கள்.