கண் கட்டி: ஒத்தடம் போதும், கண்ணுக்குள் எதுவும் வேண்டாம்

காலையில் எழும்போதே இமையோரம் சிவந்திருக்கிறது. சிமிட்டினால் சுருக்கென்று வலிக்கிறது. மாலைக்குள் நெல்மணி அளவுக்கு வீங்கிவிடுகிறது. கண் கட்டி என்று தெரிந்த உடனே வீட்டில் ஆளுக்கொரு வைத்தியம் சொல்லத் தொடங்குவார்கள். “நாமக்கட்டியை உரைச்சுப் போடு”, “எல்லாம் உடம்புச் சூடு, ரெண்டு சொட்டு விளக்கெண்ணெய் விடு”, “தாய்ப்பால் விட்டா ஒரே நாள்ல அமுங்கிடும்”, “மெடிக்கல்ல கேட்டா சொட்டு மருந்து குடுப்பாங்க.”

எல்லோரும் அக்கறையோடுதான் சொல்கிறார்கள். ஆனால் ஒரு உண்மையை நாம் மறந்துவிடுகிறோம். கண் கட்டி பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரங்களில் தானாகவே ஆறிவிடும். ஆகவே அந்த நாட்களில் எதைப் பூசினாலும், எதை விட்டாலும், அதனால்தான் குணமானது என்று நம்பத் தோன்றும். தானே ஆறப்போகிற ஒரு கட்டிக்காகப் பார்வையையே பணயம் வைக்கும் வைத்தியங்கள் இப்படித்தான் தலைமுறை தலைமுறையாக நீடிக்கின்றன.

கட்டி ஏன் வருகிறது?

இமைகளில் நுண்ணிய சுரப்பிகள் பல உண்டு. சில இமை முடியின் வேரை ஒட்டி இருக்கும். மற்றவை இமையின் உட்பகுதியில் வரிசையாக இருந்து, கண்ணீர் சீக்கிரம் உலர்ந்துவிடாதபடி எண்ணெய் சுரக்கும். இவற்றில் ஒன்றின் வாய் அடைபட்டு, அங்கே கிருமி பெருகினால் சீழ் கட்டுகிறது. பெரும்பாலும் இதற்குக் காரணம் ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியா. நம் தோலிலும் மூக்கிலும் சாதாரணமாகவே வாழ்கிற கிருமி இது.

கழுவாத கையால் கண்ணைக் கசக்குவது, இரவில் கண்மையைத் துடைக்காமல் படுப்பது, இமை முடியின் அடியில் பொடுகு போலச் செதில் படிவது, கட்டுப்பாட்டில் இல்லாத சர்க்கரை நோய் ஆகியவை கட்டி வரும் வாய்ப்பைக் கூட்டுகின்றன. உடம்புச் சூட்டைத் தணிக்க மோர், இளநீர் குடிப்பதில் தவறில்லை. ஆனால் அடைபட்ட சுரப்பியை அவை திறந்துவிடாது.

சிலருக்கு வலியும் சிவப்பும் போன பிறகும் இமைக்குள் உருண்டையாக ஒரு முடிச்சு தங்கிவிடும். இதைக் கலேசியான் என்பார்கள். அடைபட்ட எண்ணெயைச் சுற்றி உருவாகும் வீக்கம் இது. பெரும்பாலும் கிருமித் தொற்று இருக்காது. கரைய வாரங்கள், சில நேரம் மாதங்கள்கூட ஆகலாம்.

வீட்டில் செய்ய வேண்டியது

கண் கட்டிக்கு மருத்துவர்களும் முதலில் சொல்லும் வீட்டு வைத்தியம் வெந்நீர் ஒத்தடம்தான். இதமான சூடு பட்டால் சுரப்பியில் இறுகிய எண்ணெய் இளகும். அடைப்பு திறந்து சீழ் தானாக வடியும்.

சோப்பு போட்டுக் கையைக் கழுவுங்கள். துவைத்த பருத்தித் துணியை வெதுவெதுப்பான நீரில் நனைத்துப் பிழிந்து, மணிக்கட்டின் உட்புறத்தில் வைத்துப் பாருங்கள். அங்கே சுடாமல் இதமாக இருந்தால் மட்டும், மூடிய இமைமேல் 10 நிமிடம் வையுங்கள். துணி ஆறிவிட்டால் மறுபடி நனைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு மூன்று நான்கு முறை இப்படிச் செய்யலாம். இமைத் தோல் மிக மெல்லியது என்பதால் கொதிநீர்த் துணி, உப்பு மூட்டை, வேகவைத்த முட்டை எதுவும் வேண்டாம். சூட்டுக் கொப்புளம் வந்துவிடும்.

இமையோரம் பிசுபிசுப்பாக இருந்தால் வெதுவெதுப்பான நீரில் குழந்தைகளுக்கான ஷாம்பூவைச் சில சொட்டு கலந்து, பஞ்சில் தொட்டு, கண்ணை மூடிக்கொண்டு இமை முடியின் அடியை மென்மையாகத் துடைக்கலாம். கட்டி ஆறும்வரை கண்மையும் கான்டாக்ட் லென்ஸும் வேண்டாம். துண்டையும் தலையணை உறையையும் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். வலி அதிகம் இருந்தால், ஒத்துக்கொள்ளும் உடல் என்றால், பாராசிட்டமால் எடுக்கலாம்.

கட்டியைப் பிதுக்குவதும் ஊசியால் குத்துவதும் ஒருபோதும் கூடாது. கிருமி இமையின் ஆழத்துக்குப் பரவ அதுவே வழியாகிவிடும்.

வழக்கத்தில் உள்ள கைவைத்தியங்கள்

உள்ளங்கையில் விரலைத் தேய்த்துச் சூடாக்கி ஒற்றுவது ஒரு வகையில் ஒத்தடம்தான். கை சுத்தமாக இருந்தால் தீங்கில்லை. ஆனால் அந்தச் சூடு சில நொடிகளுக்குமேல் நிற்காது. நனைத்த துணி கொடுக்கும் பலன் அதில் இல்லை.

நாமக்கட்டி, சந்தனம், கிராம்பு போன்றவற்றை உரைத்துப் பூசினால் சிறிது நேரம் குளிர்ச்சியாக இருக்கும். காய்ந்த பிறகு அந்தப் பொடி உதிர்ந்து கண்ணுக்குள் விழும். கண்ணைக் கசக்கினால் கருவிழியில் கீறல் விழும். கிராம்பின் காரம் கண்ணில் பட்டால் எரிச்சலும் சிவப்பும் கூடும்.

தாய்ப்பால் குழந்தைக்கு உன்னதமான உணவு. ஆனால் அது கிருமி நீக்கப்பட்ட கண் மருந்து அல்ல. தோலிலும் கையிலும் பாலாடையிலும் இருக்கும் கிருமிகள் அதோடு சேர்ந்து கண்ணுக்குள் போகும். இலைச்சாறும் பூச்சாறும் இன்னும் ஆபத்தானவை. செடிகளில் பூஞ்சை இருக்கும். கருவிழியில் சிறு கீறல் இருந்தாலும் அதில் வேரூன்றிப் புண்ணாகும். பூஞ்சையால் வரும் கருவிழிப் புண் ஆற மாதக்கணக்கில் ஆகலாம். ஆறினாலும் வெள்ளைத் தழும்பை விட்டுப் பார்வையை மறைக்கலாம். கண்ணில் விடும் விளக்கெண்ணெய்க்கும் இதே எச்சரிக்கைதான்: சமையலறைப் புட்டியில் இருப்பது கண்ணுக்காகச் சுத்திகரிக்கப்பட்டது அல்ல.

எல்லாவற்றிலும் கொடியது சுண்ணாம்பு. உடம்பில் வரும் கட்டிகளுக்கு மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பூசும் பழக்கத்தில் சிலர் அதை இமைக்கும் கொண்டுவருகிறார்கள். சுண்ணாம்பு காரத்தன்மை உடையது. கண்ணில் பட்டால் மேலே அரிப்பதோடு நிற்காது, உள்ளே ஊடுருவிக்கொண்டே போகும். தவறி விழுந்துவிட்டால் ஒரு நொடியும் தாமதிக்காமல் குழாய்த் தண்ணீரில் கண்ணைத் திறந்து வைத்து அரை மணி நேரமாவது கழுவிவிட்டு, நேராகக் கண் மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

மெடிக்கல் கடையில் கேட்டு வாங்கும் சொட்டு மருந்து

“கண்ணு சிவந்திருக்கு, ஏதாவது குடுங்க” என்று கேட்டு வாங்கும் சொட்டு மருந்தும் பரிசோதனை இல்லாத கைவைத்தியம்தான். பல சமயம் அதில் ஆன்டிபயாடிக்கோடு ஸ்டீராய்டும் கலந்திருக்கும். டெக்ஸாமெத்தசோன், பீட்டாமெத்தசோன், பிரெட்னிசலோன் போன்ற பெயர்கள் அட்டையில் இருந்தால் அது ஸ்டீராய்டு. சிவப்பு சட்டென்று குறைவதால் நல்ல மருந்து என்று தோன்றும். ஆனால் அதையே தொடர்ந்து விட்டால் கண் அழுத்தம் ஏறி, வலியே இல்லாமல் பார்வை நரம்பைக் கெடுக்கும் கிளாக்கோமா வரலாம், கண்புரையும் வரலாம். பூஞ்சையாலோ ஹெர்பீஸ் வைரஸாலோ ஏற்கெனவே கருவிழியில் புண் இருந்தால் ஸ்டீராய்டு அதைக் கொழுந்துவிட்டு எரியச் செய்யும்.

போன தடவை மிச்சமான மருந்தையோ, அடுத்தவருக்கு எழுதிக் கொடுத்த மருந்தையோ விடாதீர்கள். கண் மருந்துப் புட்டியைத் திறந்த ஒரு மாதத்துக்குள் பயன்படுத்த வேண்டும் என்பது அதன் அட்டையிலேயே அச்சாகியிருக்கும்.

எப்போது காத்திருக்கக் கூடாது?

இமை முழுவதும் வீங்கிக் கன்னம்வரை பரவுவது, காய்ச்சல், பார்வை மங்கல், இரட்டைப் பார்வை, கண்ணை அசைத்தால் வலி, கண் முன்தள்ளுவது ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். தொற்று கண்குழிக்குள் பரவியிருக்கலாம். குழந்தைகளுக்கு இது வேகமாக முற்றும்.

ஒத்தடம் கொடுத்தும் ஓரிரு நாளில் வலியும் வீக்கமும் கூடிக்கொண்டே போனாலோ, இரண்டு வாரத்தில் கட்டி குறையாவிட்டாலோ கண் மருத்துவரைப் பாருங்கள். அடிக்கடி வந்தால் சர்க்கரைப் பரிசோதனை அவசியம். சிறு குழந்தையின் இமையில் பெரிய முடிச்சு நாட்பட்டு இருந்தால், அது கருவிழியை அழுத்திப் பார்வை வளர்ச்சியைப் பாதிக்கலாம்.

நடுவயது கடந்தவர்கள் ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரே இடத்தில் திரும்பத் திரும்பக் கட்டி வருவது, அந்த இடத்தில் இமை முடி உதிர்வது ஆகியவை இமை எண்ணெய்ச் சுரப்பியில் வரும் புற்றுநோயின் அறிகுறியாகவும் இருக்கலாம். மேலைநாடுகளில் அரிதான இந்தப் புற்றுநோய், இந்தியாவில் இமைப் புற்றுநோய்களில் கணிசமான பங்கு வகிக்கிறது. தொடக்கத்திலேயே கண்டறிந்தால் குணப்படுத்தும் வாய்ப்பு மிக அதிகம்.

உங்கள் உரிமைகள்

1945ஆம் ஆண்டு மருந்து விதிகளின் ‘எச்’ அட்டவணையில் உள்ள மருந்துகளை, பதிவுபெற்ற மருத்துவரின் சீட்டு இல்லாமல் கடைகளில் விற்கக் கூடாது. ஸ்டீராய்டு கண் மருந்துகள் இதில் அடங்கும். அட்டையில் ‘ஆர்எக்ஸ்’ குறியும் எச்சரிக்கை வாசகமும் இருக்கும். சீட்டில்லாமல் விற்றால் மாவட்ட மருந்து ஆய்வாளரிடம் புகார் செய்யலாம்.

மருந்து வாங்கினால் பில் கேளுங்கள். பில் தர மறுப்பதை நேர்மையற்ற வணிக நடைமுறை என்கிறது 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. மருந்தால் பாதிப்பு ஏற்பட்டால் 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் நீங்களே தெரிவிக்கலாம்.

கண்புரை, கிளாக்கோமா, பார்வையின்மை ஆகியவற்றைக் குணப்படுத்துவதாக மருந்து விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டு மருந்துகள் மற்றும் மந்திர வைத்தியங்கள் சட்டம் தடை செய்கிறது. முதல் குற்றத்துக்கே ஆறு மாதம்வரை சிறைத் தண்டனை உண்டு.

இமைக் கட்டியை அறுத்து எடுக்கும் முன், ஏன் எடுக்கிறார்கள், வேறு வழி உண்டா என்று கேட்பது உங்கள் உரிமை. திரும்பத் திரும்ப வந்த கட்டி என்றால், எடுத்த திசுவை பயாப்ஸிக்கு அனுப்புகிறார்களா என்று கட்டாயம் கேளுங்கள். சிகிச்சை ஆவணங்களை எழுத்துமூலம் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது 2002ஆம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதி.

செலவுக்கு அஞ்சிக் கைவைத்தியத்தில் நாளைக் கடத்த வேண்டாம். அரசு மருத்துவமனைகளில் கண் பரிசோதனை இலவசம். 1819ஆம் ஆண்டு தொடங்கிய அரசு கண் மருத்துவமனை இன்றும் சென்னை எழும்பூரில் இயங்குகிறது. எங்கே போவது என்று தெரியாவிட்டால் தமிழ்நாட்டில் 104ஐ அழைத்து ஆலோசனை கேட்கலாம்.

அடுத்த முறை வீட்டில் யாருக்காவது கண் கட்டி வந்தால், அவர்களுக்குச் சுத்தமான துணியையும் வெதுவெதுப்பான நீரையும் எடுத்துக் கொடுங்கள். யாராவது சொட்டு மருந்தோ சாறோ எண்ணெயோ கொண்டுவந்தால், மரியாதையோடு மறுத்துவிடுங்கள். பெரியவர்கள் சொல்கிறார்களே என்று தயங்க வேண்டாம். அவர்களுக்கும் நம் கண் நன்றாக இருக்க வேண்டும் என்பதுதானே விருப்பம்.