பிடித்த மீனை ஏன் விட்டுவிடுகிறார்?

ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரத்துத் துறைமுகப் பாலத்தை நீங்கள் படங்களில் பார்த்திருப்பீர்கள். 1932-இல் திறக்கப்பட்ட எஃகு வளைவுப் பாலம் அது. அதற்கு மேற்கே, பாரமட்டா ஆற்றங்கரையில் உள்ள ஒரு சிறிய படகுத்துறைக்கு மாலை வேளையில் நாம் போவதாக வைத்துக்கொள்வோம். அங்கே ஒருவர் தூண்டிலுடன் உட்கார்ந்திருக்கிறார். ஒரு மணி நேரமாகக் காத்திருக்கிறார். திடீரென்று நரம்பு வெடுக்கென்று இழுபடுகிறது. வெள்ளிபோல் மின்னும் மீன் ஒன்று துள்ளிக்கொண்டு மேலே வருகிறது. அவரோ கையை நீரில் நனைத்துக்கொண்டு அதைப் பிடித்து, முள்ளைக் கழற்றி, மறுபடியும் ஆற்றிலேயே விட்டுவிடுகிறார்!

"இவ்வளவு பாடுபட்டுப் பிடித்ததைக் குழம்பு வைத்தால் என்ன?" என்றுதானே கேட்கிறீர்கள்? அந்த மீனைச் சாப்பிடக் கூடாது. காரணம் மீனில் தொடங்கவில்லை; ஆற்றின் அடியில் கிடக்கும் சேற்றில் தொடங்குகிறது.

முதலில் மீனைத் தெரிந்துகொள்வோம். இதன் பெயர் மஞ்சள் துடுப்புப் பிரீம். அறிவியல் பெயர் அகாந்தோபாக்ரஸ் ஆஸ்ட்ராலிஸ். இதே இனக் குழுவைச் சேர்ந்த உறவினர்கள் நம் நாட்டுக் கழிமுகங்களிலும் வாழ்கின்றன. பக்கவாட்டில் தட்டையான உடல். முதுகில் கூரிய முட்கள். வயிற்றுப் புறத்துத் துடுப்புகளில் மஞ்சள் நிறம். வாய்க்குள் பார்த்தால் முன்னே கூரிய பற்களும் பின்னே அம்மிக் குழவிபோல் உருண்ட கடைவாய்ப் பற்களும் இருக்கும். சிப்பி, மட்டி, நண்டு இவற்றை ஓட்டோடு நொறுக்குவதற்கு இயற்கை கொடுத்த கருவி இது. ஆகவே சிப்பிகள் ஒட்டியிருக்கும் படகுத்துறைத் தூண்களைச் சுற்றியே இது திரியும். சேற்றைக் கிளறிப் புழுக்களையும் தின்னும்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. இம்மீன்கள் முதலில் ஆணாகவே முதிர்கின்றன. பின்னர் அவற்றுள் பல பெண்ணாக மாறிவிடுகின்றன! குளிர்காலத்தில் கழிமுகத்தின் வாயருகே முட்டையிடுகின்றன. குஞ்சுகள் அலையோடு உள்ளே வந்து கடற்புற்களுக்கிடையே ஒளிந்து வளர்கின்றன.

பிரீம் சந்தேகப் பிராணி. இரையை வாயில் வைத்ததும் ஏதோ பாரம் இழுப்பதாகத் தெரிந்தால் துப்பிவிட்டுப் போய்விடும். இதற்குத் தூண்டில்காரர்கள் ஒரு தந்திரம் செய்கிறார்கள். ஈயக் குண்டை நரம்பில் இறுகக் கட்டுவதில்லை. நடுவே துளையுள்ள குண்டைக் கோத்து, நரம்பு அதனூடே தாராளமாக ஓடும்படி விடுகிறார்கள். மீன் இரையைக் கவ்விக்கொண்டு ஓடும்போது நரம்பு மட்டுமே நகரும். குண்டு தரையிலேயே கிடக்கும். குண்டின் எடையை மீன் உணராது. எளிய பௌதிகம்தான். ஆனால் இதைக் கண்டுபிடித்தவர் மீனின் மனத்தை நன்றாகப் படித்தவராகத்தான் இருக்க வேண்டும்!

இனிச் சேற்றுக்கு வருவோம். பாரமட்டா ஆற்றின் தென்கரையில் ஹோம்புஷ் விரிகுடா என்ற இடம் இருக்கிறது. 2000-ஆம் ஆண்டு ஒலிம்பிக் போட்டிகள் அதன் அருகேதான் நடந்தன. இந்த விரிகுடாவின் ஓரத்தில், ரோட்ஸ் என்ற பகுதியில், முன்பு இரசாயனத் தொழிற்சாலைகள் இருந்தன. அவற்றுள் ஒன்றான யூனியன் கார்பைடு, 2,4,5-டி என்ற களைக்கொல்லியைத் தயாரித்தது. வியட்நாம் போரில் காடுகளின் மீது தெளிக்கப்பட்ட 'ஏஜென்ட் ஆரஞ்சு' மருந்தில் பாதி இந்த 2,4,5-டி தான்.

இந்தக் களைக்கொல்லியைத் தயாரிக்கும்போது, யாரும் விரும்பாத துணைப்பொருள் ஒன்றும் கூடவே உண்டாகிறது. அதுதான் டையாக்சின். புற்றுநோயை உண்டாக்கக்கூடிய கொடிய நஞ்சு. தொழிற்சாலைக் கழிவோடு அது விரிகுடாவில் சேர்ந்தது.

ஆறு ஓடிக்கொண்டுதானே இருக்கிறது, கடலுக்கு அடித்துப் போயிருக்காதா? நல்ல கேள்வி. டையாக்சின் நீரில் கரையாது என்றே சொல்லலாம். ஆனால் கொழுப்பில் நன்றாகக் கரையும். நீரில் கரையாததால் சேற்றுத் துகள்களில் ஒட்டிக்கொண்டு அடியில் தங்கிவிடுகிறது. சேற்றைத் தின்கிறது புழு. புழுவைத் தின்கிறது பிரீம். கொழுப்பில் கரைந்த நஞ்சு எளிதில் வெளியேறாது; ஒவ்வொரு வேளை உணவிலும் சிறிது சிறிதாகச் சேர்ந்துகொண்டே போகும். பிரீமுக்கு ஆயுளும் அதிகம். மரத்தின் ஆண்டு வளையங்களைப் போல இதன் காதிலுள்ள செவிக்கல்லில் வளையங்கள் உண்டாகின்றன. அவற்றை எண்ணிப் பார்த்து, 20 ஆண்டுகளுக்கு மேலும் வாழ்ந்த மீன்கள் உண்டு என்று அறிந்திருக்கிறார்கள். இத்தகைய மீனை மனிதன் உண்டால்? மனித உடலில் புகுந்த டையாக்சின் பாதியாகக் குறைவதற்கே 7 முதல் 11 ஆண்டுகள் ஆகின்றன.

2006-இல் சிட்னித் துறைமுகம் முழுவதிலும் தொழில்முறை மீன்பிடிப்பு நிறுத்தப்பட்டது. தலைமுறையாக வலை வீசியவர்களின் பிழைப்பு அதோடு போயிற்று. பொழுதுபோக்காகத் தூண்டில் போடுவோர் மட்டும் அனுமதிக்கப்பட்டார்கள். அவர்களுக்கும் எச்சரிக்கை உண்டு: பாலத்துக்கு மேற்கே பிடித்த எதையும் உண்ணக் கூடாது, கிழக்கே பிடித்த மீனையும் பொதுவாக மாதத்துக்கு 150 கிராமுக்கு மேல் உண்ணக் கூடாது. கிழக்கே கடல்நீர் அதிகம் வந்து போகிறதே, அங்கும் ஏன் கட்டுப்பாடு? மீன் பாலத்தைக் கண்டதும் திரும்பிவிடுமா என்ன! மேற்கே மேய்ந்த பிரீம் கிழக்கே வந்து தூண்டிலில் மாட்டலாம் அல்லவா?

ரோட்ஸ் பகுதியின் மண்ணையும் விரிகுடாவின் ஒரு பகுதிச் சேற்றையும் பின்னர் தோண்டி எடுத்து, மிகுந்த வெப்பத்தில் சூடாக்கித் தூய்மை செய்தார்கள். பல ஆண்டுகள் நடந்த பெரிய வேலை அது. இன்று அங்கே அடுக்கு மாடி வீடுகள் நிற்கின்றன. ஆனால் நீரோட்டத்தால் துறைமுகமெங்கும் பரவிவிட்ட துகள்களை யார் பொறுக்கி எடுப்பது?

படகுத்துறையில் நாம் பார்த்தவர் கையை நனைத்துக்கொண்டாரே, அது ஏன் தெரியுமா? மீனின் உடல்மேல் வழவழப்பான ஒரு பூச்சு இருக்கிறது. நோய்க்கிருமிகள் நுழையாமல் காப்பது அதுதான். உலர்ந்த கை பட்டால் அது உரிந்துவிடும். மீன் முள்ளை ஆழமாக விழுங்கிவிட்டால், பிடுங்கி எடுக்கக் கூடாது. நரம்பை வாயருகே வெட்டிவிட்டு விட வேண்டும். பிரீம்களை வைத்துச் செய்த ஆய்வுகளில், முள்ளைப் பிடுங்கிய மீன்களைவிட, நரம்பை வெட்டி விட்ட மீன்களே மிகுதியாகப் பிழைத்தன. அவற்றுள் பல, நாளடைவில் முள்ளைத் தாமே வெளியே தள்ளிவிட்டன.

25 சென்டிமீட்டருக்குக் குறைந்த பிரீமை அந்த மாநிலத்தில் எங்கே பிடித்தாலும் விட்டுவிட வேண்டும் என்பது சட்டம். அவ்வளவு நீளம் வளரவே அதற்குச் சுமார் 5 ஆண்டுகள் ஆகும். நம் நண்பர் விட்டது அதைவிடப் பெரியது. அது வாலை ஒரு முறை அடித்துவிட்டுத் தூண்களுக்கிடையே, சிப்பிகளை நோக்கிப் போய்விட்டது.