எச்.ஐ.வி. தடுப்பும் நடத்தை ஆய்வும்

இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்று முதன்முதலாக 1986ஆம் ஆண்டில் சென்னையில் கண்டறியப்பட்டது. 1992இல் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு நிறுவனம் அமைக்கப்பட்டது. 2001இலும் 2006இலும் நாடு தழுவிய நடத்தை ஆய்வுகள் நடத்தப்பெற்றன. தொற்று அபாயம் மிகுந்த பிரிவினரும் பொதுமக்களும் நோயைப் பற்றி அறிந்திருப்பது என்ன, தம்மைக் காத்துக்கொள்ளச் செய்வது என்ன என்பதை அவை ஆராய்ந்தன.

தொற்றுடன் வாழ்வோரின் நடத்தையை அறிவதும் தடுப்புப் பணிக்கு இன்றியமையாதது. இந்தியா உள்ளிட்ட 9 நாடுகளில் 1,763 இணையரிடையே நடைபெற்ற ஆய்வு, சிகிச்சையை முன்னதாகத் தொடங்கினால் துணைவருக்குத் தொற்று பரவுவது 96 சதவிகிதம் குறையும் என்று 2011இல் காட்டியது. எனவே, மருந்தை ஒருவர் தவறாது உட்கொள்கிறாரா என்பது அவரது நலத்தை மட்டுமன்றி அவர் துணைவரின் பாதுகாப்பையும் பொறுத்த வினாவாகும்.

கடந்த மாதத்தில் எத்தனை நாள் மருந்து தவறியது? ஏன் தவறியது? ஆணுறை பயன்படுத்தப்பட்டதா? துணைவரிடம் நோய் பற்றிக் கூறப்பட்டதா? இவ்வினாக்களின் விடைகள் செயலுக்கு வழிகாட்டுகின்றன. பயணச் செலவும் கூலி இழப்பும் காரணமெனில், பல மாதங்களுக்கான மருந்தை ஒருசேர வழங்கலாம். வீட்டார் அறிந்துவிடுவர் என்ற அச்சமே காரணமெனில், தேவைப்படுவது மனநல ஆலோசனை.

ஆயினும், யாரிடம் கேட்கிறோம் என்பதே முடிவுகளின் தரத்தை நிர்ணயிக்கிறது. சிகிச்சை மையத்திற்கு வருவோரை மட்டும் கேட்டால், வருவதை நிறுத்திவிட்டவர்கள் விடுபட்டுவிடுவர். உதவி மிகுதியும் தேவைப்படுவோர் அவர்களே. அமெரிக்காவில் 2005இல் தொடங்கிய மருத்துவக் கண்காணிப்புத் திட்டம், முதலில் சிகிச்சை பெறுவோரிடம் மட்டுமே தகவல் திரட்டியது. 2015 முதல், தொற்று உறுதி செய்யப்பட்டோரின் பதிவேட்டிலிருந்தே மாதிரி எடுக்கப்பட்டதால், சிகிச்சைக்கு வராதோரும் அதில் இடம்பெற்றனர். பரிசோதனையே செய்துகொள்ளாதவர்கள் அப்போதும் வெளியிலேயே நின்றனர்.

பதிவேட்டிலிருந்து ஒருவரைத் தேடிச் செல்வதில் ஆபத்தும் உண்டு. அறிமுகமற்ற ஒருவர் வீட்டு வாசலில் வந்து நிற்பதே இரகசியத்தை வெளிப்படுத்திவிடக்கூடும். இந்தியாவில் 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த 2017ஆம் ஆண்டு எச்.ஐ.வி., எய்ட்ஸ் சட்டம், விளக்கம் அறிந்து அளிக்கும் இசைவையும் இரகசியக் காப்பையும் வலியுறுத்துகிறது. இது ஆய்வுக்குத் தடையன்று. தம் பெயர் வெளிவராது என்ற உறுதி இருந்தால்தான் மக்கள் உண்மையைக் கூறுவர்; உண்மையான விடைகளின்மீதுதான் பயன்தரும் தடுப்புத் திட்டத்தை வகுக்க இயலும்.