கைவழிக் கல்வியும் திரைவழிக் கல்வியும்

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது பழமொழி. ஏடு இருந்த இடத்தில் இன்று திரை வந்து அமர்ந்துள்ளது. திரையில் காணும் சுரைக்காயேனும் கறிக்கு உதவுமா என்னும் வினா இப்போது எழுகின்றது.

கோல சிலாங்கூர் வட்டாரத்திலும் அதற்கு வடக்கேயும் உள்ள தோட்டத் தமிழ்ப்பள்ளிகளுக்கு இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று. பிழைப்பைப் பற்றிய வினா. 150க்கும் குறைந்த மாணாக்கரைக் கொண்ட பள்ளிகளைக் குறைந்த மாணவர் பள்ளிகள் என்று கல்வி அமைச்சு தனியே வகைப்படுத்தியுள்ளது. தோட்டப்புறத்தில் இத்தகைய பள்ளிகள் பல. முதலாம் ஆண்டில் ஒரு பிள்ளை கூடினாலும் குறைந்தாலும் அங்கே அது பெரிய செய்தி. பிள்ளையைச் சேர்க்க வரும் பெற்றோர் சிலர், கணினி எத்தனை, மின்பலகை எத்தனை என்றே முதலில் கேட்கின்றனர். பெற்றோர் ஆசிரியர் சங்கம் அரும்பாடுபட்டுத் திரட்டும் பணமோ சிறிது. அதனை எதற்குச் செலவிடுவது என்பதில் பிழை நேர்ந்தால் இழப்பு பிள்ளைகளுக்கே.

பழமையைப் போற்றுவோர் முதலில் ஓர் உண்மையை ஒப்புக்கொள்ளவேண்டும். 7 முதல் 14 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் பத்துப்பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி அமைக்கவேண்டும் என்று 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம் விதித்தது. அவ்வாறு எழுந்த பாடசாலைகளுள் பல, ஒரு கொட்டகையும் ஒரு கரும்பலகையும் ஓர் ஆசிரியரும் கொண்டவை. அங்கே நடந்தது பெரும்பாலும் மனப்பாடம். பிள்ளை கையால் கற்றதெல்லாம் பள்ளிக்கு வெளியே, பால்மரக் காட்டில் பெற்றோருக்கு உதவியாகச் செய்த வேலையில்தான். ஆதலின், அக்காலத்தில் கைவழிக் கல்வி செழித்திருந்தது, கணினி வந்து அதனைக் கெடுத்தது என்று கூறுவது வரலாறு ஆகாது.

கைத்தொழிலை நடுவாக வைத்துக் கல்வி புகட்டும் ஆதாரக் கல்வித் திட்டத்தைக் காந்தியடிகள் 1937இல் வார்தாவில் முன்வைத்தார். 1939இல் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்த மரியா மாண்டிசோரி அம்மையார், உப்புத்தாளில் வெட்டிய எழுத்துகளைக் குழந்தை விரலால் தடவி அறியும்படி செய்தவர். திண்ணைப் பள்ளியில் மணலில் விரலால் எழுதிப் பழகிய தமிழருக்கு அம்முறை புதிதன்று. விரலுக்கும் அறிவுக்கும் உள்ள இத்தொடர்பை அண்மைக்கால ஆய்வும் உறுதிசெய்கின்றது. அமெரிக்காவின் இந்தியானா பல்கலைக்கழகத்தில், எழுதப் படிக்க அறியாத ஐந்து வயதுக் குழந்தைகளைக் கொண்டு நடந்த ஓர் ஆய்வு 2012இல் வெளிவந்தது. எழுத்தைக் கையால் எழுதிப் பழகிய பின்னரே, வாசிப்புக்குரிய மூளைப் பகுதிகள் அவ்வெழுத்தைக் கண்டதும் நன்கு இயங்கின. விசைப்பலகையில் தட்டிப் பழகியபோது அவ்விளைவு இல்லை. 247 எழுத்துகளைக் கொண்ட தமிழைக் கற்கும் பிள்ளைக்கு இது சிறு செய்தியன்று.

இனி, இயந்திரம் பள்ளிக்கு வந்த வரலாற்றை நோக்கலாம். 2003இல் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்தில் கற்பிக்கப்படலாயின. ஆசிரியர்களுக்கு மடிக்கணினிகளும், படத்தைத் திரையில் வீழ்த்தும் கருவிகளும், ஆங்கிலப் பாடங்கள் அடங்கிய குறுந்தட்டுகளும் வழங்கப்பட்டன. 2009இல் அக்கொள்கையைக் கைவிட அரசு முடிவு செய்தது. பாடம் தமிழுக்குத் திரும்பியதும் ஆங்கிலக் குறுந்தட்டுகள் பயனற்றுப் போயின. பின்னர் 1பெஸ்தாரிநெட் திட்டம் வந்தது. ஏறத்தாழ 10,000 பள்ளிகளை இணையத்தால் இணைப்பது அதன் நோக்கம். அதனுடன் வந்த மெய்நிகர் கற்றல் தளத்தைப் பயன்படுத்தியோர் மிகச் சிலரே எனத் தலைமைக் கணக்காய்வாளரின் 2013ஆம் ஆண்டு அறிக்கை கண்டது. 2019 ஜூன் மாதத்துடன் அத்தளத்தின் பயன்பாடு முடிவுற்றது. கருவி வருமுன் அதனைக் கொண்டு எதனைக் கற்பிப்பது என்ற தெளிவு வரவில்லையெனில், கருவி அலமாரியில் உறங்கும் என்பதற்கு இவை சான்றுகள்.

2020 மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியபோது வேறொரு பாடம் கிடைத்தது. அவ்வாண்டு கல்வி அமைச்சு நடத்திய கணக்கெடுப்பில், 36.9 விழுக்காட்டு மாணாக்கருக்கு மின்னியல் கருவி எதுவுமே இல்லை எனத் தெரிந்தது. ஒரே கைப்பேசியை மூன்று பிள்ளைகள் பகிரும் வீட்டில் அது பெற்றோருடன் வேலைக்குச் சென்றுவிட்டால் வகுப்பும் சென்றுவிடும். எனினும், அந்நாளில் ஆசிரியரையும் பிள்ளையையும் இணைத்த ஒரே நூலும் அக்கைப்பேசிதான் என்பதை மறுக்க இயலாது. கருவி வேண்டாம் என்போர் இதனை நினைவிற்கொள்ளுதல் நலம்.

அவ்வாறாயின் வழி யாது? கை முந்துவது, திரை பின் வருவது என்ற வரிசையே வழி. அதற்கு வேண்டிய பொருள்கள் தோட்டப் பள்ளியின் வாசலிலேயே கிடக்கின்றன.

மலாயாவில் வாணிக நோக்குடன் செம்பனை முதன்முதலாக நடப்பட்டது கோல சிலாங்கூர் மாவட்டத்துத் தென்னமரம் தோட்டத்தில்தான், ஆண்டு 1917, நட்டவர் ஆங்றி ஃபோக்கோனியே என்னும் பிரெஞ்சுக்காரர். அத்தோட்டங்களின் பேரப்பிள்ளைகள் விழுக்காட்டுக் கணக்கைத் திரையில் வண்ண வட்டங்களாக மட்டும் காண்பானேன்? ஆசிரியர் முள் நீக்கித் தரும் ஒரு கதிரிலுள்ள பழங்களை எண்ணி, கதிர்களின் தொகையால் பெருக்கினால் குலையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பழங்கள் இருப்பது தெரியவரும். குலையின் எடையில் ஏறத்தாழ 20 விழுக்காடு எண்ணெய். 20 கிலோ குலையைத் தராசில் ஏற்றி, அதில் 4 கிலோ எண்ணெய் எனக் கணக்கிட்ட பிள்ளைக்கு விழுக்காடு என்பது கையில் கனத்த பொருள். செம்பனை ஓலையின் ஈர்க்குகளைப் பத்துப் பத்தாகக் கட்டினால் முதலாம் ஆண்டுப் பிள்ளைக்கு இடமதிப்பு விளங்கும். எஞ்சியுள்ள பால்மரம் ஒன்றிலிருந்து ஒரு மங்குப் பாலெடுத்துச் சிறிது காடி விட்டால், அமிலம் பாலை உறையவைப்பதைக் கண்ணெதிரே காணலாம்.

திரைக்குரிய இடம் கைக்கு எட்டாதவற்றில் உள்ளது. கம்போங் குவாந்தான் ஆற்றங்கரையின் மின்மினிகள் உலகறிந்தவை. அவை தங்கும் பெரெம்பாங் மரத்தையும், அவற்றின் புழுக்களுக்கு இரையாகும் சிறு நத்தைகளையும் பகலில் நேரில் பார்க்கலாம். ஆனால், ஆயிரக்கணக்கான மின்மினிகள் ஒத்திசைந்து இமைக்கும் முறையை ஆராய, வேகத்தைக் குறைத்துக் காட்டும் ஒளிப்படம் வேண்டும். துடிக்கும் இதயத்தையும் சுழலும் கோள்களையும் அவ்வாறே திரையில்தான் காட்ட இயலும்.

இரண்டு ஆண்டு மாணாக்கரை ஒரே அறையில் வைத்துக் கற்பிக்கும் சிறு பள்ளியின் ஆசிரியருக்கும் திரை துணையாகும். ஒரு சாரார் கருவியில் பயிற்சி செய்கையில் மறுசாராருக்கு அவர் பாடம் நடத்தலாம். ஆயினும், அதற்கும் கருவி ஒன்றே வழியன்று. 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிப் பின் தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளெங்கும் பரவிய செயல்வழிக் கற்றல் முறை, பல வகுப்புப் பிள்ளைகளை ஒரே அறையில் அட்டைகளைக் கொண்டே தத்தம் வேகத்தில் கற்கச் செய்தது.

உலகமும் இவ்வரிசையை மீண்டும் எண்ணிப் பார்க்கின்றது. கருவி, கற்போரின் நலனுக்கு ஏற்ப அமையவேண்டும் என யுனெஸ்கோவின் 2023ஆம் ஆண்டு அறிக்கை வற்புறுத்தியது. அதே ஆண்டில், கணினியில் முன்னோடியான சுவீடன் அச்சு நூல்களுக்கும் கையெழுத்துக்கும் திரும்ப முற்பட்டது. மலேசியாவோ 2023 நவம்பரில் இலக்கவியல் கல்விக் கொள்கையை வெளியிட்டது. ஆகவே கருவிகள் வரத்தான் போகின்றன. அவை வரும் நாளில் பிள்ளையின் கை பழகியிருக்கவேண்டும் என்பதே ஆசிரியரும் பெற்றோரும் கொள்ளவேண்டிய கவலை. மின்பலகைக்குப் பணம் திரட்டும் சங்கம், அதற்கு முன் ஒரு தராசும், அளவுநாடாவும், பள்ளித் தோட்டத்துக்கு நான்கு மண்வெட்டியும் உள்ளனவா என்று பார்த்துக்கொள்ளட்டும்.

பள்ளி வேலியோரம் ஒரு சுரை விதையை ஊன்றி, கொடி நாளும் வளர்வதை அளந்து ஏட்டில் குறித்து, அவ்வளவுகளைக் கணினியில் கோட்டுப்படமாக வரையும் பிள்ளைக்கு ஏடும் திரையும் ஒருங்கே பயன்படும். அப்பிள்ளையின் சுரைக்காய் கறிக்கும் உதவும்.