பிக்கப் வண்டிக்கு ஒரு கறுப்புத் தோல்

மாணவர்களே, அம்பாங்கானிலிருந்து சுற்றுவட்டாரத் தோட்டங்களுக்குப் போகும் சாலையோரம் சிறிது நேரம் நின்று பாருங்கள். உரமூட்டை, புல்வெட்டும் இயந்திரம், செம்பனைக் குலை என்று எதையாவது ஏற்றிக்கொண்டு பிக்கப் வண்டிகள் போகும். சில வண்டிகளின் பின்தொட்டி மட்டும் வண்டியின் நிறத்தில் இருக்காது. கறுப்பாக, சொரசொரவென்று, தொட்டால் கெட்டியான ரப்பர்போல் இருக்கும்.

பட்டறையில் இதற்குப் பெயர் 'பெட்லைனர்'. துப்பாக்கிபோன்ற கருவியால் தெளித்துப் பூசப்படும் பாலிமர் பூச்சு இது. இந்தக் கறுப்புத் தோல் இரும்பைக் காப்பாற்றுகிறதா, அல்லது அதன் நோயை மறைக்கிறதா? விடை, பூசுவதற்கு முன்பு என்ன செய்தார்கள் என்பதில் இருக்கிறது.

தோட்டத்து வண்டியின் எதிரிகள்

இரும்பு துருப்பிடிக்க நீரும் ஆக்சிஜனும் வேண்டும். இரும்பு அணு எலக்ட்ரான்களை இழக்கிறது. ஆக்சிஜனும் நீரும் அவற்றைப் பெற்றுக்கொள்கின்றன. முடிவில் நமக்குக் கிடைப்பது பழுப்பு நிறத் துரு. நீரில் உப்பு கரைந்திருந்தால் மின்னூட்டம் எளிதில் நகரும். துருவும் வேகமாகப் பரவும்.

தோட்டத்தில் உப்புக்குப் பஞ்சமில்லை. செம்பனைக்குப் போடும் பொட்டாசியம் குளோரைடு உரம் ஓர் உப்புதான். மூட்டையிலிருந்து சிந்தியது தொட்டியின் மூலையில் தங்கும். மாலை மழையில் கரையும். ரப்பர் தோட்டமென்றால் பால் உறையப் பயன்படும் பார்மிக் அமிலமும் சேர்ந்துகொள்ளும்.

வண்டியின் சாதாரணச் சாயம் ஏறக்குறைய 0.1 மில்லிமீட்டர் தடிமன்தான். 15, 20 கிலோ எடையுள்ள முள் நிறைந்த குலையைத் தூக்கிப் போட்டால் அது எத்தனை நாளைக்குத் தாங்கும்? பெட்லைனரின் தடிமன் 2 முதல் 3 மில்லிமீட்டர். அடியை வாங்கிக்கொள்ளும், கிழியாது.

இரண்டு திரவங்கள், சில வினாடிகள்

பூச்சு இரண்டு பீப்பாய்களில் வருகிறது. ஒன்றில் ஐசோசயனேட், மற்றொன்றில் அமீன் அல்லது பாலியால். இரண்டையும் ஏறக்குறைய 65 முதல் 70 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கி, காற்றழுத்தத்தைப்போல் 140 மடங்கு அழுத்தத்தில் தனித்தனிக் குழாய்களில் அனுப்புவார்கள். கருவியின் முனையில்தான் அவை முதன்முதலாகச் சந்திக்கின்றன. அமீன் கலவையாக இருந்தால், தகட்டில் விழுந்த சில வினாடிகளிலேயே இறுகிவிடும். வினையின்போது வெப்பமும் வெளிப்படும்.

அமீனுடன் சேர்ந்தால் கிடைப்பது பாலியூரியா. பாலியாலுடன் சேர்ந்தால் பாலியூரித்தேன். பாலியூரித்தேன் வேதியியலுக்கு 1937இல் ஜெர்மனியில் வழி திறந்தவர் ஓட்டோ பேயர். நம் நாட்டிலும் இதற்கு ஒரு தொடர்பு உண்டு. செம்பனை எண்ணெயிலிருந்தே பாலியால் தயாரிக்கும் ஆய்வை மலேசிய செம்பனை எண்ணெய் வாரியம் செய்திருக்கிறது. தொட்டியைக் கீறும் அதே குலையிலிருந்து பூச்சுக்கான மூலப்பொருளும் பிறக்கிறது!

பூசும் முன்பு

பூச்சின் உயிர் ஒட்டுதலில் இருக்கிறது. முதலில் எண்ணெய்ப் பசையைக் கழுவ வேண்டும். பிறகு பழைய சாயத்தையும் துருவையும் நீக்கி, வெள்ளையாக மின்னும் இரும்பை வெளியே கொண்டுவர வேண்டும். இதற்குக் கடினமான மணிகளை அழுத்தக் காற்றில் கலந்து தகட்டின்மேல் பீய்ச்சுவார்கள். தமிழ்நாட்டின் தூத்துக்குடி, கன்னியாகுமரிக் கடற்கரைகளில் கிடைக்கும் கார்னெட் மணல் இந்த வேலைக்குப் பெயர்பெற்றது. மணிகள் மோதுவதால் தகட்டில் கண்ணுக்குத் தெரியாத மேடுபள்ளங்கள் உண்டாகும். பூச்சு அவற்றில் வேர்விட்டதுபோல் பிடித்துக்கொள்ளும்.

இங்கே நம் தட்பவெப்பம் குறுக்கே வருகிறது. அதிகாலையில் தகடு குளிர்ந்திருக்கும். ஈரக்காற்று அதன்மேல் பனித்துளியாகப் படியும். அதனால் பனி படியும் வெப்பநிலையைவிடத் தகடு குறைந்தது 3 டிகிரியாவது கூடுதலாகச் சூடாக இருந்தால்தான் பூச வேண்டும் என்பது தொழில் விதி. சுத்தம் செய்த இரும்பை அப்படியே விட்டால், நம் ஊர் ஈரத்தில் சில மணி நேரத்திலேயே மீண்டும் பழுப்பேறத் தொடங்கும். ஐசோசயனேட் நீருடன் சேர்ந்தால் கார்பன் டைஆக்சைடு வெளியாகும். பூச்சுக்குள் குமிழி விழும்.

துருவை நீக்காமல் பூசினால் என்ன ஆகும்? துரு உதிரும் தன்மையுடையது. பூச்சு துருவைப் பிடித்துக்கொள்ளும், இரும்பைப் பிடிக்காது. ஓரத்திலோ கீறலிலோ நுழையும் நீர் உள்ளேயே தங்கும். சாதாரணச் சாயமாவது கொப்புளித்து நமக்குச் சொல்லிவிடும். தடித்த கறுப்புத் தோல் சொல்லாது. தொட்டியில் ஓட்டை விழுந்தால் தகட்டை மாற்றலாம். வண்டியின் எடையைத் தாங்கும் அடிச்சட்டம் இப்படி உள்ளுக்குள் அரிக்கப்பட்டால் அது உயிருக்கு ஆபத்து. வீட்டில் பழைய பிக்கப் வாங்கப் போகிறார்களா? புதிதாகப் பூசிய கறுப்பைப் பார்த்து மயங்காமல், தொட்டியைக் கீழிருந்தும் பார்க்கச் சொல்லுங்கள். நீர் வடியும் துளைகள் பூச்சால் அடைபட்டிருக்கின்றனவா என்றும் பாருங்கள்.

டில்லி இரும்புத் தூணை நினைத்துக்கொள்ளுங்கள். சுமார் 1,600 ஆண்டுகளாக அது வெயிலிலும் மழையிலும் நிற்கிறது. இரும்பிலுள்ள பாஸ்பரஸின் உதவியால் அதன்மேல் ஒரு மெல்லிய படலம் உருவானதே காரணம் என்று கான்பூர் ஐ.ஐ.டி.யின் ஆர். பாலசுப்ரமணியம் விளக்கினார். மெல்லியதானாலும் உறுதியாக ஒட்டிய படலம் காக்கிறது; தடித்ததானாலும் ஒட்டாத பூச்சு கெடுக்கிறது.

நுரையீரலுக்குப் பூச்சு கிடையாது

எஸ்.பி.எம். முடித்துவிட்டுப் பட்டறை வேலைக்குப் போகும் அண்ணன்மார் உங்கள் வீட்டிலும் இருக்கலாம். அவர்களுக்கு இதைச் சொல்லுங்கள். தெளிக்கும்போது ஐசோசயனேட் நுண்துளிகளாகக் காற்றில் மிதக்கும். அதைச் சுவாசித்தால் ஆஸ்துமா வரலாம். ஒருமுறை உடல் ஒவ்வாமை கொண்டுவிட்டால், பிறகு மிகச் சிறிய அளவே மூச்சுத்திணறலை உண்டாக்கும். வாடை அடிக்கவில்லை என்பதற்காகக் காற்று சுத்தம் என்று நம்ப முடியாது. துணியும் சாதாரண முகக்கவசமும் தடுக்கா. வெளியிலிருந்து சுத்தமான காற்றைக் குழாய்வழி தரும் கவசம், கையுறை, முழு உடை மூன்றும் தேவை. சாதாரண மணலைப் பீய்ச்சினால் சிலிக்காத் தூசும் நுரையீரலைக் கெடுக்கும். பாதுகாப்பான வேலையிடம் முதலாளி காட்டும் சலுகை அன்று. 1994ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் அவர்மேல் சுமத்தும் கடமை.

செய்து பாருங்கள்

துத்தநாகம் பூசாத நான்கு இரும்பு ஆணிகளை எடுங்கள். அவற்றில் ஒன்று துருப்பிடித்ததாக இருக்கட்டும். புதிய ஆணிகளைச் சவர்க்காரம் போட்டுக் கழுவித் துடையுங்கள்.

1. புதிய ஆணி, பூச்சில்லாமல்.
2. புதிய ஆணி, அடர்நிற நகப்பூச்சு இரண்டு தடவை.
3. அதேபோல் பூசி, காய்ந்தபின் ஒரு கீறல்.
4. துருப்பிடித்த ஆணி, நகப்பூச்சு இரண்டு தடவை.

நான்கு கண்ணாடிக் குவளைகளில் ஒரே அளவு உப்புநீர் ஊற்றி, குவளைக்கு ஓர் ஆணியாகப் போடுங்கள். ஒரு வாரம் நாள்தோறும் பார்த்து எழுதிவையுங்கள். கடைசி நாளில் 3, 4ஆம் ஆணிகளின் பூச்சைச் சுரண்டி, அடியில் இருப்பதைப் பாருங்கள். 3ஆம் ஆணியில் துரு கீறலோடு நின்றதா, பூச்சுக்கு அடியிலும் பரவியதா? வெளியிலிருந்து பார்த்து 2ஆம் ஆணியையும் 4ஆம் ஆணியையும் முதல் நாளில் உங்களால் வேறுபடுத்த முடிந்ததா? அறிவியல் ஆசிரியரிடம் காட்டிப் பேசுங்கள்.