பல்லைச் சீவுவது கடைசிப் படி

பல்லின் மேலுறையான எனாமலை உருவாக்குபவை அமெலோபிளாஸ்ட் என்னும் செல்கள். பல் ஈறைவிட்டு வெளியே வருவதோடு அவற்றின் வேலையும் ஆயுளும் முடிந்துவிடுகின்றன. எலும்பு முறிந்தால் கூடும், தோல் கிழிந்தால் ஆறும். எனாமல் போனால் போனதுதான். அமிலம் பட்டு லேசாகக் கரைந்த பரப்பை எச்சிலில் உள்ள கால்சியமும் பாஸ்பேட்டும் ஓரளவு மறுபடி இறுக வைக்கும். ஆனால் அரைத்து எடுத்த அரை மில்லிமீட்டரை அவற்றால் திருப்பித் தர முடியாது. எடையில் ஏறத்தாழ 96 சதவீதம் தாதுப்பொருளால் ஆன, மனித உடலிலேயே மிகக் கடினமான இந்தப் பொருள், முன்பல்லின் கடிக்கும் விளிம்பருகே சுமார் 1 மி.மீ. தடிமன்தான் இருக்கும். ஈறோரத்தில் அதில் பாதியோ அதற்கும் குறைவோ. புன்னகையை அழகாக்குவது பற்றிய எந்தப் பேச்சும் இந்தச் சின்ன அளவிலிருந்து தொடங்க வேண்டும்.

அழகுக்காகப் பல் மருத்துவரிடம் போகிறவர்களின் குறைகள் ஒன்றல்ல. ஒருவருக்குப் பல் மஞ்சள், இன்னொருவருக்கு நடுவில் இடைவெளி, வேறொருவருக்குத் தெத்துப்பல். சிறுவயதில் அடிபட்டு ஒரு பல் மட்டும் கறுத்துப்போனவர்கள் உண்டு, வெண்திட்டும் பழுப்புக் கறையும் படிந்த பற்களோடு வளர்ந்தவர்களும் உண்டு. இத்தனைக்கும் காரணங்கள் வேறு வேறு. ஆனால் ‘ஸ்மைல் டிசைன்’ என்ற பெயரில் பல இடங்களில் கிடைக்கும் விடை ஒன்றுதான்: மேல்வரிசையில் ஆறோ எட்டோ பத்தோ பற்களைச் சீவி, வெனீர் ஒட்டுவது அல்லது கேப் மாட்டுவது. என் மறுப்பு வெனீர்மீதோ கேப்மீதோ அல்ல, வரிசையின்மீது. பின்வாங்க முடிகிற வழிகளை முதலில் பார்த்துவிட்டு, பின்வாங்க முடியாததைக் கடைசியில் வைக்க வேண்டும். இப்போது நடப்பது பெரும்பாலும் தலைகீழ்.

வெனீருக்கும் கேப்புக்கும் உள்ள வித்தியாசமே பலருக்குச் சொல்லப்படுவதில்லை. வெனீர் என்பது பல்லின் முன்பக்கத்தை மட்டும் மெல்லச் சீவி ஒட்டும் பீங்கான் தகடு. கேப், அதாவது கிரவுன், பல்லைச் சுற்றிலும் குறுக்கி அதன்மேல் மாட்டும் முழு உறை. முன்பற்களில் எதற்கு எவ்வளவு பல் இழக்கப்படுகிறது என்று எடல்ஹாஃப், சோரன்சன் என்ற இரு ஆய்வாளர்கள் எடைபோட்டுப் பார்த்து 2002-இல் வெளியிட்டார்கள். வெனீர் போன்ற ஒட்டுமுறைகளில், வெளியே தெரியும் பல்லின் எடையில் 3 முதல் 30 சதவீதம் வரை போகிறது. முழு உறைக்கோ 63 முதல் 72 சதவீதம் வரை. பிரிட்டனிலிருந்து துருக்கிக்குப் போய்ப் பல் ‘சரிசெய்து’ வரும் இளைஞர்கள் பலர், வெனீர் என்று நம்பிக் கேப் போட்டுக்கொண்டு திரும்புவதை அந்நாட்டுப் பல் மருத்துவர்கள் தொடர்ந்து சுட்டிக்காட்டி வருகிறார்கள். வெளிப்பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். உள்ளே மிஞ்சியிருப்பது ஒன்றல்ல.

எனாமலுக்கு அடியில் இருக்கும் டென்டின் நுண்ணிய குழாய்களால் நிறைந்தது. அவை நரம்பும் ரத்தக்குழாயும் இருக்கும் பற்கூழை நோக்கிப் போகின்றன. அதைத் திறந்துவிட்டால் சூடு, உலர்வு, பாக்டீரியா எல்லாவற்றுக்கும் வழி கிடைக்கிறது. உயிருள்ள பற்கள்மேல் உலோகமும் பீங்கானும் சேர்ந்த உறை போட்டபின் என்ன ஆயிற்று என்று ஹாங்காங்கில் தொடர்ந்து பார்த்த ஆய்வு 2005-இல் வெளியானது. 10 ஆண்டுகளில் ஏறத்தாழ 84 சதவீதப் பற்களின் கூழ்தான் உயிரோடு இருந்தது. அந்தப் பற்களில் பலவும் முன்பே பழுதானவையாக இருந்திருக்கலாம், நல்ல பல்லுக்கு இந்த ஆபத்து குறையலாம் என்று வாதிடலாம். இருக்கட்டும். ஆனால் சொத்தையோ வலியோ இல்லாத பல்லை நிறத்துக்காகச் சீவும்போது, ரூட் கெனால் எனப்படும் வேர்ச் சிகிச்சை வரை போகக்கூடிய எந்தச் சிறு வாய்ப்புக்கும் நியாயம் சொல்ல வேண்டிய பொறுப்பு சீவுகிறவருடையது.

நிறம்தான் குறை என்றால் முதல் விடை ப்ளீச்சிங். 1989-இல் அமெரிக்காவின் ஹேவுட், ஹேமன் இருவரும் விவரித்த முறை இன்றும் அடிப்படையாக இருக்கிறது: பல்லின் அளவுக்குச் செய்த மெல்லிய தட்டில் 10 சதவீதக் கார்பமைடு பெராக்சைடு களிம்பை இட்டு, இரவில் அணிந்து தூங்குவது. அதிலிருந்து வெளிப்படுவது சுமார் 3.5 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு. அது எனாமலை ஊடுருவி, உள்ளே இருக்கும் நிறமி மூலக்கூறுகளை உடைக்கிறது. பல்லைச் சீவ வேண்டியதில்லை. சாதாரண மஞ்சளுக்கு இரண்டு மூன்று வாரம் போதும். டெட்ராசைக்ளின் மருந்தால் சிறுவயதிலேயே சாம்பல் படிந்த பற்களுக்குப் பொறுமை வேண்டும். ஆறு மாதம் தொடர்ந்து செய்து பலன் கண்டதை ஹேவுட் குழுவே பதிவு செய்திருக்கிறது. பல் கூச்சம் வரும், பெரும்பாலும் தற்காலிகமாக. இதற்காகக் கடையில் கிடைப்பதை எல்லாம் பூசிக்கொள்ளலாம் என்று பொருளில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 0.1 சதவீதத்துக்கு மேல் 6 சதவீதம் வரை பெராக்சைடு உள்ள பொருள்களைப் பல் மருத்துவர் வழியாகத்தான் பெற முடியும்; 18 வயதுக்குக் கீழே அனுமதி இல்லை.

ஒரே ஒரு பல் கறுத்திருந்தால் கதை வேறு. வேர்ச் சிகிச்சை செய்த முன்பல் என்றாலே கேப் போட்டாக வேண்டும் என்பது நம் ஊரில் வேரூன்றிய நம்பிக்கை. சோரன்சனும் மார்ட்டினாஃபும் 1984-இல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பற்களை ஆராய்ந்தார்கள். கடைவாய்ப் பற்களுக்கு உறை நன்றாகவே உதவுகிறது. முன்பற்களுக்கோ குறிப்பிடத்தக்க நன்மை தெரியவில்லை. மெல்லும்போது கடைவாய்ப் பல்மேல் விழும் பளு முன்பல்மேல் விழுவதில்லை. அப்படியானால், வேர்ச் சிகிச்சைக்காகப் பின்புறம் போட்ட அதே துளை வழியாக உள்ளே வெளுக்கும் மருந்தை வைத்து மூடிச் சில நாள் கழித்து மாற்றும் முறையை முதலில் முயலலாம். 1960-களிலிருந்தே இது வழக்கத்தில் இருக்கிறது. வேரின் வாயை மருந்து கசியாதபடி அடைத்துவிட்டுச் செய்ய வேண்டும். இல்லையேல், அரிதாக, வேர் வெளிப்புறத்திலிருந்து கரையும் சிக்கல் வரலாம்.

வெண்திட்டுகளின் அறிவியல் இன்னும் சுவையானது. தருமபுரி, கிருஷ்ணகிரி பகுதிகளில் நிலத்தடி நீரின் ஃபுளோரைடு, லிட்டருக்கு 1.5 மி.கி. என்ற உலகச் சுகாதார நிறுவன வரம்பைப் பல இடங்களில் தாண்டியிருக்கிறது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே, மிகுந்த ஃபுளோரைடால் வரும் பாதிப்பான ஃபுளோரோசிஸைக் குறைப்பதற்காகத்தான் வந்தது. 2013-இல் திறக்கப்பட்ட அத்திட்டத்தால் அடுத்த தலைமுறை தப்பலாம். முளைத்துவிட்ட பற்களின் கறையை அது நீக்காது. பல் உருவாகும் வயதில் ஃபுளோரைடு மிகுந்தால் எனாமலின் மேற்பரப்புக்குச் சற்றுக் கீழே தாது சரியாக நிரம்பாமல் நுண்துளைகள் நிற்கின்றன. நல்ல எனாமலின் ஒளிவிலகல் எண் சுமார் 1.62. துளைகளில் உள்ள நீருக்கு 1.33, காற்றுக்கு 1. இந்த வேறுபாட்டால் ஒளி உள்ளே போகாமல் சிதறித் திரும்புகிறது. அதுதான் நமக்கு வெண்திட்டாகத் தெரிகிறது. உதட்டை விலக்கிப் பல்லைக் காயவிட்டால் திட்டு இன்னும் பளிச்சென்று தெரிவதற்குக் காரணம், துளையில் நீர் போய்க் காற்று புகுவது. பஜ்ஜி மடித்த காகிதத்தில் எண்ணெய் ஊறிய இடம் ஒளியை விடுவதுபோல, அந்தத் துளைகளில் ஒளிவிலகல் எண் 1.5-ஐ ஒட்டிய ரெசினை ஊறவிட்டால் வெண்மை அடங்கும். ஜெர்மனியில் உருவாகி 2009-இல் சந்தைக்கு வந்த ரெசின் ஊடுருவல் முறை இதைத்தான் செய்கிறது. மேற்பரப்பை 15 சதவீத ஹைட்ரோகுளோரிக் அமிலக் களிம்பால் இரண்டு நிமிடம் திறந்து, உலர்த்தி, ரெசினை இழுக்க விடுகிறார்கள். பழுப்புக் கறைக்கு மைக்ரோஅப்ரேஷன் இருக்கிறது. அமிலத்தோடு சேர்த்த நுரைக்கல் தூளால் தேய்த்து, மில்லிமீட்டரில் பத்தில் ஒன்று, இரண்டு என்ற அளவுக்குள் மேலடுக்கை நீக்குவது. இவையும் எனாமலைத் தொடுகின்றன, மறுக்கவில்லை. ஆனால் மிதமான ஃபுளோரோசிஸில் குறை இருப்பதே அந்த மேலடுக்கில்தான். குழிவிழுந்து உடையும் அளவுக்கு முற்றிய பற்களுக்கு இது போதாது. அங்கே ஒட்டுமுறைகள் வேண்டியிருக்கும்.

இடைவெளி, ஓரம் உடைந்த பல், சிறுத்த பல் ஆகியவற்றுக்குக் காம்போசிட் எனப்படும் பல்நிறப் பசையைச் சேர்த்து வடிவம் தரலாம். 1955-இல் மைக்கேல் புயோனகோர், பாஸ்பாரிக் அமிலத்தால் எனாமலைச் சொரசொரப்பாக்கினால் பிசின் இறுகப் பிடிக்கும் என்று காட்டினார். இன்றைய ஒட்டுப் பல் மருத்துவம் முழுவதும் அதன்மேல் நிற்கிறது. வெனீருக்குக்கூடப் பிடிமானம் தருவது அந்த எனாமல்தான். வரிசை கோணலாக இருந்தால் கம்பியோ அலைனரோ பல்லை நகர்த்தும். சீவிச் சீவி நேராக்குவது நகர்த்துவதன் வேலையை அரைக்கும் கல்லைக்கொண்டு செய்வதாகும். முதலில் நேராக்கு, பிறகு வெளு, கடைசியில் தேவைப்பட்ட இடத்தில் மட்டும் ஒட்டு என்ற வரிசை பிரிட்டனில் பரவியிருக்கிறது. வெளுத்தபின் பல்லில் தங்கும் ஆக்சிஜன் ஒட்டைக் கெடுக்கும் என்பதால் சுமார் இரண்டு வாரம் விட்டு ஒட்டுவார்கள். இதில் எனக்கு முக்கியமாகப் படுவது, ஒவ்வொரு படியும் அடுத்த படிக்கான தேவையையே மாற்றிவிடுவது. பற்கள் நேராகி வெளுத்தபின் கண்ணாடியில் பார்க்கிறவருக்கு, தொடக்கத்தில் கேட்ட எட்டு வெனீரில் எத்தனை வேண்டும் என்ற கணக்கு வேறாகத்தான் இருக்கும்.

இதற்கு வரும் வலுவான மறுப்பு நீடிப்பைப் பற்றியது. ப்ளீச்சிங் மங்கும், காம்போசிட் கறைபடும், விளிம்பில் தெறிக்கும், நேராக்கிய பல் ரிடெய்னர் அணியாவிட்டால் பழைய இடத்துக்குப் போகும். பீங்கானோ பல்லாண்டு நிற்கும் என்பார்கள். முதல் பாதி முழுக்க உண்மை. இரண்டாம் பாதியைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். லேட்டன், வால்டன் இருவரின் தொடராய்வில் வெனீர்களில் 96 சதவீதம் 10 ஆண்டு நின்றன. இங்கிலாந்து, வேல்ஸ் பொதுப் பல் மருத்துவச் சேவையின் பதிவுகளை பர்க், லுகரோட்டி அலசியபோது, மறுபடி கைவைக்கத் தேவையின்றி 10 ஆண்டைக் கடந்தவை 53 சதவீதம் மட்டுமே. இரண்டு கணக்கும் ஒரே அளவுகோல் அல்ல. ஆனாலும் முதல் ஆய்வு, எனாமல் பெரும்பகுதி மிஞ்சிய பற்களில் கைதேர்ந்த சிறப்பு மருத்துவர் செய்தது. இரண்டாவது, நாடு முழுவதும் அன்றாடம் நடந்தது. விளம்பரத்தில் முதல் எண் வரும். நமக்குக் கிடைப்பது இரண்டாவதற்கு நெருக்கமாக இருக்கக்கூடும். அதோடு, தோற்றபின் என்ன நடக்கிறது என்பதும் இருக்கிறது. காம்போசிட் தெறித்தால் மேலே கொஞ்சம் சேர்த்து மெருகேற்றலாம். உறையைக் கழற்றினால் அடியில் இருப்பது குறுகிய பல். ஒவ்வொரு மாற்றத்திலும் அது இன்னும் குறுகும். 25 வயதில் தொடங்குகிறவர் இதை ஒருமுறை அல்ல, வாழ்நாளில் மூன்று நான்கு முறை கடக்க வேண்டியிருக்கும்.

நேரமில்லை என்ற மறுப்பு, திருமணத் தேதி குறித்தபின் வருகிறவர்களிடம், குறிப்பாகப் பெண்களிடம், அதிகம். தோற்றத்தை வைத்து அவர்களை எடைபோடும் வழக்கம் இருக்கும்வரை அந்த அவசரத்தை அற்பம் என்று தள்ள எனக்கு மனமில்லை. ஆனால் அவசரத்துக்கும் சீவுதலுக்கும் கட்டாயத் தொடர்பு கிடையாது. காம்போசிட்டை ஒரே அமர்வில் முடிக்கலாம், ப்ளீச்சிங்குக்கு வாரங்கள் போதும். நேராக்குவதைத் திருமணத்துக்குப் பிறகுகூடத் தொடங்கலாம். சீவாத வெனீர் இருக்கிறதே என்பார்கள். இயல்பிலேயே சிறுத்த பல்லுக்கு அது நல்ல வழி. சராசரிப் பல்லில் ஒட்டினால் தடித்து, ஈறோரத்தில் அழுக்கு தங்கும். கழற்றும்போதும் அரைத்துத்தான் எடுக்க வேண்டும். பிறவியிலேயே எனாமல் சரியாக உருவாகாதவர்களுக்கும், பாதிக்குமேல் உடைந்த பல்லுக்கும், பெரிய பெரிய அடைப்புகளால் நிற்கும் பல்லுக்கும் உறையே சரியான மருத்துவம். அவர்களை இந்த வாதத்தால் தயங்கவைக்கக் கூடாது.

பர்க், கெல்லெஹர் என்ற பிரிட்டிஷ் பல் மருத்துவர்கள் 2009-இல் ஒரு சோதனையை முன்வைத்தார்கள்: இதே சிகிச்சையை என் மகளின் பல்லுக்குச் செய்வேனா என்று மருத்துவர் தன்னைக் கேட்டுக்கொள்ள வேண்டும். நல்ல கேள்விதான்; ஆனால் அது மருத்துவரின் மனச்சாட்சியிடம் கேட்பது. நோயாளி கேட்பதற்கு அளக்கக்கூடிய கேள்விகள் வேண்டும். எவ்வளவு மில்லிமீட்டர் எடுப்பீர்கள், எடுத்தபின் எனாமல் மிஞ்சுமா, இது வெனீரா கேப்பா, பத்து ஆண்டு கழித்து உடைந்தால் அடுத்தது என்ன, சீவாமல் செய்ய என்ன இருக்கிறது? இவற்றைக் கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் அல்ல. சிகிச்சையின் தன்மை, ஆபத்து, மாற்று வழிகள் எல்லாம் தெரிந்தபின் தரும் சம்மதமே சம்மதம் என்று நம் உச்ச நீதிமன்றம் 2008-இலேயே தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. வடிவம் எப்படி இருக்கும் என்று பார்க்கவும் சீவ வேண்டியதில்லை. பல்லின் அச்சில் மெழுகால் வடிவம் செய்து, அதிலிருந்து தற்காலிக ரெசினைப் பல்மேல் பதித்துக் காட்டலாம். பிடிக்காவிட்டால் அன்றே எடுத்துவிடலாம். எட்டுப் பல்லைச் சீவச் சொல்லும் மருத்துவரிடம் முதலில் இதைக் கேளுங்கள்.